மாமா காருக்குக் கம்பிச் சக்கரம்

மாதா துணை
தூத்துக்குடி
18.1.1975

அன்பில் குறையாத மருமகள் ஹில்டாவுக்கு,

உன் தாய்மாமன் பர்னபாஸ் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி எழுதுவது. மாமா சுகமா என்று நீ கேட்க வேண்டியதில்லை. எனக்குச் சுகமில்லை என்றால் இந்நேரம் பேப்பரில் போட்டிருப்பார்கள்.

விஷயம் பெரிசு, உட்கார்ந்து படி. மாமா கார் வாங்கிவிட்டேன். ஸ்டாண்டில் நிற்கிற சவாரிக் கார் இல்லை, ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம். மேலே கூரை கிடையாது, இரண்டே சீட்டு, இங்கிலாந்தில் செய்தது. மூக்கில் எம்.ஜி. என்று எழுதியிருக்கிறது. துறைமுகத்துப் பயல்கள் வந்து பார்த்துவிட்டு, "மூணாவது எழுத்து எங்க அண்ணாச்சி?" என்று கேட்கிறான்கள். கப்பல் கம்பெனித் துரை சீமைக்குப் போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பர்னபாஸ், உன்னைத் தவிர யாரை நம்பி இதைக் கொடுப்பேன்" என்று அழுதுவிட்டார். அவர் சாமானையெல்லாம் கப்பலில் ஏற்றிய மேஸ்திரி யார்? நான்தானே. ஒரு பீங்கான் கோப்பை உடையவில்லை.

போன ஞாயிறு மணப்பாட்டுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து கோயில் வாசலில் ஊரே நிற்கிறது. நான் உன் அப்பாவிடம், "மச்சான், ஹில்டா கல்யாணத்துக்கு அவள என் கார்லதான் கோயிலுக்குக் கூட்டிட்டு வருவேன்" என்றேன். நம் வீட்டில் பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறது தாய்மாமன் உரிமை. தப்பா சொன்னேன்?

உன் அப்பா ஜேசுபாதம் என்ன சொன்னார் தெரியுமா? "காரு இருக்கு சரி, சக்கரம் இருக்காவே? ஒம்ம வாயில இருக்க காத்த எடுத்து டயர்ல அடிச்சா சென்னைக்கே போயிரலாம். நான் திருச்செந்தூர்ல அம்பாசிடருக்குச் சொல்லியாச்சு."

அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்ய? ஆனால் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்: "என் மருமவ அம்பாசிடர்ல ஏறினா நான் பர்னபாஸ் இல்ல."

ஒரு சின்னக் குறை. உப்புக் குடோன் பின்னால் நின்றதில் நாலு டயரும் வெயிலில் போட்ட கருவாடு மாதிரி வெடித்துக் கிடக்கிறது. சக்கரத்துக் கம்பியெல்லாம் துரு. நீ மவுண்ட் ரோட்டில் டயர் கடை ஆபீசில் இருக்கிறாய். அந்தக் கடையே உன் கையில்தான் ஓடுகிறது என்று இங்கே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல டயரும் சக்கரமும் பார்த்து எழுது. ஏப்ரல் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

உன் ஆசை மாமா,
ச. பர்னபாஸ்


சென்னை
26.1.1975

பாசமுள்ள மாமாவுக்கு,

ஹில்டா வணக்கத்துடன் எழுதுகிறேன். கடை என் கையில் ஓடவில்லை மாமா. நான் டைப் அடிக்கிறேன். யாராவது டயர் கேட்டுக் கடிதம் போட்டால் அந்த அளவு இருக்கிறது, இல்லை என்று பதில் அடிப்பேன், அவ்வளவுதான்.

கார் கதையை அம்மா வேறு மாதிரி எழுதியிருந்தாள். துரை போன பிறகு அது கேட்பாரற்றுக் கிடந்ததாம், இடம் காலியானால் போதுமென்று குடோன்காரர் உங்கள் தலையில் கட்டினாராம். எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டது. இனிகோவுக்கும் ஒரே சந்தோஷம். கல்யாண மாப்பிள்ளை தன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதைவிட உங்கள் காரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்.

பழைய டயரின் பக்கத்தில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் குறுக்களவு. அழுத்தித் துடைத்து அப்படியே எழுதி அனுப்புங்கள். உங்கள் கற்பனை வேண்டாம். அடுத்தது, ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று சொல்லும். தளர்ந்தது டொக்கென்று சொல்லும். எத்தனை டொக் என்று தெரிந்தால்தான் அந்தச் சக்கரத்தை வைத்துக்கொள்வதா, தகட்டுச் சக்கரத்துக்கு மாறுவதா என்று முடிவு செய்யலாம்.

அப்பாவுக்கும் எழுதிவிட்டேன், மாமா காரில்தான் கோயிலுக்கு வருவேன் என்று. அதனால் இனிமேல் இது உங்கள் வார்த்தை மட்டும் இல்லை. என்னையும் சேர்த்து நடுத்தெருவில் நிறுத்திவிடாதீர்கள்.

அன்புள்ள,
ஹில்டா


தூத்துக்குடி
3.2.1975

மருமகள் ஹில்டாவுக்கு மாமா எழுதுவது,

எண் 5.50, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் 15. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இதில் என் சரக்கு ஒன்றும் இல்லை.

கம்பிகளையும் தட்டினேன். முன்சக்கரம் இரண்டும் பாதி பேசுகிறது. பின்சக்கரத்தைத் தட்டினால் சாக்கு மூட்டையைத் தட்டின மாதிரி இருக்கிறது. ஒரு கம்பி தட்டின உடனே கையோடு வந்துவிட்டது. சைக்கிள் கடை தனராஜ், "அண்ணாச்சி, சைக்கிள் போக்ஸ் கம்பி போட்டுக் கோட்டம் எடுத்துத் தாரேன்" என்கிறான். அவன் கோட்டம் எடுத்த சைக்கிளில் நான் போயிருக்கிறேன். நேரே போகலாம் என்று ஏறினால் மீன் மார்க்கெட்டில் இறக்கிவிடும்.

தகட்டுச் சக்கரம் என்று எழுதியிருக்கிறாயே, நியாயமா? கல்யாணப் பெண்ணுக்கு லாரி டிரைவர் செருப்பை மாட்டிவிடுவார்களா? இந்தக் காருக்குக் கம்பிச் சக்கரம்தான் அழகு. நடுவில் இரண்டு காது வைத்த பித்தளை நட்டு ஒன்று இருக்கிறது. சுத்தியலால் அந்தக் காதில் நாலு போடு போட்டால் சக்கரம் கழன்று வந்துவிடும். புதுத் துறைமுகத்து என்ஜினியர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். தொப்பி போடாதவர்கள் வருத்தப்பட்டார்கள்.

டயர் வெள்ளை வளையம் போட்டதாகப் பார். சினிமாவில் வருகிற மாதிரி.

உன் அப்பா இந்தப் பக்கம் வந்திருந்தாராம். என் வீட்டுக்கு வரவில்லை. டீக்கடையில் நின்று, "காரு கல்லுமேல நிக்கா, கால்மேல நிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். சீக்கிரம் செய் தாயி.

மாமா,
பர்னபாஸ்


சென்னை
21.2.1975

அன்பு மாமாவுக்கு,

இரண்டு சனிக்கிழமை புதுப்பேட்டையில் அலைந்தோம், நானும் இனிகோவும். கல்யாணத்துக்கு முன்னால் இப்படிச் சுற்றலாமா என்று கேட்காதீர்கள். பழைய இரும்புக்கு நடுவில் யாரும் காதல் பேச முடியாது.

உங்கள் கார் மாதிரியே ஒரு கார், ஏதோ ஜமீன் வீட்டுடையது, உடைத்துப் போட்டிருந்தார்கள். அதன் சக்கரங்கள் நாலு கிடைத்தன. முதலில் தகட்டுச் சக்கரம்தான் பார்த்தேன். விலை குறைவு, துடைக்கச் சுலபம், உப்புக் காற்றுக்கு அதுதான் சரி. ஆனால் நம் காரின் அச்சில் அதை மாட்ட வேண்டுமானால் அச்சின் முனையையே மாற்ற வேண்டும். இது ஒரு காரணம். இன்னொன்று உங்கள் செருப்புக் கதை. நான் கம்பிச் சக்கரத்தையே எடுத்துவிட்டேன். ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். கடைக்காரர், "ஏம்மா, வீணை வாங்க வந்தியா?" என்று கேட்டார்.

டயரில் உங்கள் அளவு இப்போது இங்கே வருவதில்லை. ரிம் பதினைந்து அங்குலம் என்பதால் அம்பாசிடருக்குப் போடுகிற 5.90 டயர் அதில் உட்காரும். கொஞ்சம் அகலம், அதனால் மணலுக்கும் நல்லது. வளைத்துத் திருப்பும்போது மட்கார்டில் உரசுகிறதா என்று பாருங்கள். அம்பாசிடர் டயர் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டாம். வெள்ளை வளையம் கிடைக்காது, கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும் லாரி பார்சலில் போட்டுவிட்டேன். சக்கரத்தின் நடுவில் உள்ளே பல் பல்லாக இருக்கும், அதில் கிரீஸ் பூசி மாட்டுங்கள். கம்பிகளில் உப்புக் காற்று படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் இருக்கிற மணப்பாட்டு மணல் மேட்டில் ஏறும் முன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். கல் மாதிரி இருந்தால் மணலில் புதையும்.

அன்புடன்,
ஹில்டா


தூத்துக்குடி
14.3.1975

என் தங்க மருமகளுக்கு,

சக்கரம் வந்தது. மாட்டினேன். ஊர் கூடிவிட்டது. கடற்கரைச் சாலையில் ஒரு ரவுண்டு போனேன். துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று சங்கு ஊதியது. வேறு எதற்கோ ஊதியது என்று சிலர் சொல்கிறார்கள், பொறாமை.

வெள்ளை வளையம் இல்லை என்றாய் அல்லவா? மாமா இருக்கும்போது என்ன இல்லை? பெயிண்ட் வாங்கி நானே வளையம் வரைந்துவிட்டேன். ஒன்று மட்டும் கொஞ்சம் கோழிமுட்டை மாதிரி வந்திருக்கிறது. வண்டி ஓடும்போது தெரியாது. காற்றும் திருப்தியாக அடைத்திருக்கிறேன். குத்தினால் கைதான் வலிக்கும். காற்றைப் பற்றிப் பேசினாரே உன் அப்பா, வந்து அமுக்கிப் பார்க்கட்டும்.

உப்புக் காற்று என்று எழுதியிருந்தாய். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு உப்பு சொல்லிக் கொடுக்கிறாயா? நம் வள்ளங்கள் வருஷக்கணக்காகக் கடலிலேயே கிடக்கின்றன. எதனால் கெடவில்லை? சுறா எண்ணெய். பலகைக்கு அதுதான், ஆணிக்கு அதுதான். ஒரு டின் நிறைய வாங்கி, கம்பி, ரிம், டயர், ஒன்று விடாமல் மூன்று பூச்சு பூசிவிட்டேன். டயர் என்னமாய் மினுங்குகிறது தெரியுமா, கடலிலிருந்து இப்போதுதான் ஏறி வந்த மாதிரி. தினமும் காலையில் ஒரு கை பூசுகிறேன். வாசனை கொஞ்சம் உண்டு. தெருவில் உள்ள பூனையெல்லாம் காரைச் சுற்றியே குடியிருக்கிறது. காவலுக்கு ஆள் மிச்சம்.

இனி உன் அப்பா அம்பாசிடர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பெருமையுடன்,
மாமா பர்னபாஸ்


சென்னை
19.3.1975

மாமா,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. முதலில் அந்த டின்னைத் தூரப் போடுங்கள்.

எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. பலகை எண்ணெயைக் குடித்து உறுதியாகும், ரப்பர் குடித்தால் ஊதி, கொழகொழத்துப் போகும். எங்கள் ஆபீஸ் பெரியவரிடம் கேட்டேன். நம்பாமல், "சுறாவா? மீன் சுறாவா?" என்று இரண்டு தரம் கேட்டார். சோப்புத் தண்ணீரில் அழுத்தித் தேய்த்துக் கழுவி நிழலில் காயவிடச் சொன்னார். பிரேக்கில் பட்டிருந்தால் அதையும் கழற்றித் துடைக்க வேண்டும். பக்கச் சுவர் ஊதியிருந்தால் அந்த டயரில் போகவே கூடாதாம்.

மாமா, கோபப்படாதீர்கள். டயர் சரியாக வராவிட்டால் பரவாயில்லை. அம்பாசிடர் இருக்கவே இருக்கிறது. நானே அப்பாவிடம் சொல்லிக்கொள்கிறேன், மனம் மாறிவிட்டேன் என்று. உங்கள் பேரில் ஒன்றும் வராது.

ஹில்டா


தூத்துக்குடி
25.3.1975

மருமகளுக்கு,

கழுவியாயிற்று. மூன்று நாள் தேய்த்தேன். பிரேக்கைக் கழற்றித் துடைத்து மெக்கானிக்கிடம் காட்டினேன். பக்கச் சுவர் ஊதவில்லை, மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் வழவழப்பு நிற்கிறது. ஓட்டலாம் என்று சொன்னார்.

ஒன்று சொல்லுகிறேன். உன் அம்மா கல்யாணத்தன்று அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக என்னிடம் ஒன்றும் இல்லை. உப்பு ஏற்றுகிற லாரியில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அவள் இறங்கும்போது சேலையெல்லாம் உப்பு. உன் அப்பா வீட்டார் அதைச் சொல்லி ரொம்ப நாள் சிரித்தார்கள். உன் அம்மா அந்தோணியம்மாள் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நீ மனம் மாறினால் மாறிக்கொள். என் பேரைக் காப்பாற்ற என்று மாறாதே.

ஏப்ரல் 28ஆம் தேதி காலையில் கார் உன் வீட்டு வாசலில் நிற்கும்.

பர்னபாஸ்


தூத்துக்குடி
9.5.1975

சௌபாக்கியவதி ஹில்டாவுக்கும் மாப்பிள்ளை இனிகோவுக்கும்,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீங்கள் சென்னை போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. கல்யாணத்தன்று நடந்ததை உனக்கே எழுதுகிறேன் என்று சிரிக்காதே. நீ முக்காட்டைப் போட்டுக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தாய், வெளியே நடந்த பாதி உனக்குத் தெரியாது.

வீட்டிலிருந்து தார் ரோட்டில் வரும்வரை எப்படி வந்தோம்! பின்னால் உன் அப்பா அம்பாசிடரில் வருகிறார், நம் புகையைக்கூட அவரால் பிடிக்க முடியவில்லை. சிலுவைக் கோயில் மேட்டில் மணல் ஆரம்பித்ததும் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. காற்றை இறக்கச் சொன்னாய், மறக்கவில்லை. கல்யாணப் பெண்ணை வைத்துக்கொண்டு புஸ் புஸ் என்று காற்றைப் பிடுங்குவது மரியாதையா என்று விட்டுவிட்டேன். புதைந்ததற்கு டயர்தான் காரணம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. அங்கே நிறுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். காது நட்டு வரை மணலுக்குள் நிறுத்தினேன்.

உன் அப்பா இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஏளா, எறங்கு. நான் அப்பவே சொன்னேன். அம்பாசிடர் நிக்கி, வா" என்றார்.

நீ என்ன சொன்னாய்? "அம்பாசிடர் மட்டும் மணல்ல நீந்துமாப்பா? மாமா கார்ல ஏறினேன், கோயில் வாசல்லதான் எறங்குவேன்" என்றாய். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். எனக்கு அப்போது கண்ணில் மணல் விழுந்துவிட்டது. நீ வேறு மாதிரி நினைத்திருப்பாய்.

அப்போது கரைவலைக்காரன் கிருபாநிதி கீழேயிருந்து சத்தம் போட்டான். "ஏலே, என்ன வேடிக்கை பாக்கீங்க? அம்மாம் பெரிய வலை மடிய இழுக்கோம், இந்தச் சுண்டைக்காயா கனம்? வடத்த எடுத்துட்டு வாங்கல!"

வலை வடத்தைக் கொண்டுவந்து முன் அச்சில் கட்டினார்கள். கோட்டு போட்டவன், வேட்டி கட்டினவன், மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், ஒருவன் பாக்கியில்லை. இருநூறு பேர் இருக்கும். பிலோமினா சித்தி குலவை போட்டாள். "ஏலேலோ" என்று ஒருவன் எடுத்தான், "ஐலசா" என்று மேடே பதில் சொன்னது. கார் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது பார், வள்ளம் அலையில் ஏறுகிற மாதிரி. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பவில்லை என்றால் நேரே கடலுக்குத்தான் போயிருக்கும். அதை யாரும் பேசுவதில்லை.

சாமியார் கோயில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பர்னபாஸ், இத்தனை வருஷத்தில் மணப்பாட்டில் இப்படி ஒரு பெண் கோயிலுக்கு வந்ததில்லை" என்றார். இது நான் சேர்த்தது இல்லை. கேட்டுப் பார்.

உன் அப்பா ஊர்வலத்தில் எங்கே இருந்தார் என்று தெரியவில்லை. ரோட்டில் அம்பாசிடர் பக்கத்தில் நின்றிருப்பார். போகட்டும். அவருக்கு என்மேல் இருப்பது அப்படியே இருக்கட்டும், என் வார்த்தை நின்றது.

உங்கள் அன்பு மாமா,
பர்னபாஸ்


சென்னை
20.5.1975

என் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இருநூறு என்ற இடத்தில் என்னை அறியாமல் முந்நூறு என்று வாசித்துவிட்டேன். என்ன ஆகிறதோ தெரியவில்லை எனக்கு. சுறா எண்ணெய்ப் பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார்.

நீங்கள் எவ்வளவு கூட்டி எழுதினாலும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள், மாமா. உங்கள் கண்ணில் மணல் இருந்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்தேன். வடத்தில் முதல் கை அப்பாவுடையது. கோட்டைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு வந்து பிடித்தார். கோயில் வாசல்வரை விடவில்லை.

விருந்தில் அவர் கரண்டி கேட்டார், கவனித்தீர்களா? நம் வீட்டில் யாராவது பிரியாணிக்குக் கரண்டி கேட்பார்களா? நான் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் முழுக்க வடத்தில் உரிந்திருந்தது. "என்னப்பா இது?" என்றேன். "ஒங்க மாமன் காரு என்னா கனம்ளா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "சக்கரம் நல்ல சக்கரம். அவ்வளவு இழுத்தும் ஒரு கம்பி நெளியல" என்றார்.

அப்பா வாயிலிருந்து உங்கள் பொருளைப் பற்றி இப்படி ஒன்று வந்து நான் கேட்டதில்லை. அம்மா அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

இன்னொன்று. தங்கை பிளாரன்ஸுக்கு வரன் முடிந்துவிட்டது, தை மாதம் கல்யாணம். அம்பாசிடருக்குச் சொல்லட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "எதுக்கு வீண் செலவு" என்றாராம் அப்பா. அவருக்கு உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது, வாய் வரவில்லை. என்னை எழுதச் சொல்லவும் வாய் வரவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். அவர் வந்தால் ரொம்பப் பேசிவிடாதீர்கள் மாமா.

அன்பு மறவாத,
ஹில்டா


தூத்துக்குடி
15.6.1975

ஹில்டாவுக்கு,

கார்டில் இடம் இல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் அப்பா நேற்று வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு டயராக அமுக்கினார். கம்பியை விரலால் தட்டினார், காதைப் பக்கத்தில் கொண்டுபோய். பிறகு கதவைத் திறந்து உன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பிளாரன்ஸ் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. நானும் ஏறி உட்கார்ந்தேன்.

"போவமா மச்சான்?" என்றேன்.

"போங்க" என்றார்.

கடற்கரைச் சாலையில் மெதுவாகத்தான் போனேன். எல்லோரும் பார்த்தார்கள்.

மாமா